சித்தூரில் இன்று என்ன நாடகம்?

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பேருந்து புத்தலப்பட்டைத் தாண்டும்போது தமிழ்நாட்டுப் பயணிகளில் பலர் கண்ணயர்ந்திருப்பார்கள். காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்தாகிவிட்டது, அடுத்தது மலை. கடப்பைப் பக்கமிருந்து இறங்கி வரும் நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரியும் இந்தச் சின்ன ஊரில் இறங்க அவர்களுக்குக் காரணம் எதுவுமில்லை. ஆனால் மாங்காய் முற்றுகிற காலத்தில் இந்த வட்டாரத்துச் சுவர்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு நோட்டீஸ் கண்ணில் படக்கூடும். மேலே தெலுங்கில் 'மஹாபாரத யக்ஞம்' என்று பெரிய எழுத்து. கீழே வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அன்றைய இரவு நாடகத்தின் பெயர், அந்த இரவின் செலவை ஏற்றுக்கொண்ட உபயதாரரின் பெயர்.

அரக்கு மாளிகை. பகாசுர வதை. திரௌபதி கல்யாணம். சுபத்திரை கல்யாணம். ராஜசூயம். துகிலுரிதல். அர்ஜுன தபஸ். கீசக வதை. கிருஷ்ண ராயபாரம், அதாவது கண்ணன் தூது. பத்மவியூகம். கர்ண மோட்சம். துரியோதன வதை. தர்மராஜர் பட்டாபிஷேகம்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்து மேடைகளில் என்ன நடக்கிறது என்று கேட்பவருக்கு முதல் பதில் இந்த நோட்டீஸ்தான். சித்தூரில் நாகையா கலாக்ஷேத்திரம் இருக்கிறது, திருப்பதியில் மகதி அரங்கம் இருக்கிறது. இரண்டிலும் பார்க்க வேண்டியவை உண்டு. இருந்தாலும் இந்த மண்ணின் நாடகம் அதிகமாக வாழ்வது தர்மராஜர் கோயில் வாசல்களில்தான். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது, பல ஊர்களில் மேடை என்று ஒன்றும் கிடையாது. ஒரு கதையை ஓர் ஊர் பதினெட்டு நாள் விடாமல் நடத்துகிறது. அத்தனை நீளமான நாடக விழாவை நடத்தப் பெரிய நகரங்களே தயங்கும். இங்கே சில நூறு வீடுகள் உள்ள கிராமங்கள் தங்களுக்குள் வரி போட்டு அதைச் செய்கின்றன.

தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் என்று சொல்வதை இங்கே தர்மராஜர் கோயில் என்கிறார்கள். கொடி ஏறிய நாளிலிருந்து ஊரின் நேரமே மாறிவிடும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஹரிகதை தொடங்கும். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, காலில் சலங்கை, கையில் சிருதலு என்று தெலுங்கில் சொல்லும் சப்ளாக்கட்டை. பாகவதர் பாடுவார், ஆடுவார், நடுவில் ஊர்க் கதையையும் சேர்த்துக்கொள்வார். பந்தலில் பெரும்பாலும் பெண்களும் வயதானவர்களும். அன்று இரவு நடக்கப்போகும் கட்டத்தின் வாசல்வரை பாகவதர் கதையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நிறுத்திவிடுவார். மீதியை இரவு பத்து மணிக்கு மேல் வேஷக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். காதால் கேட்டதைச் சில மணி நேரத்தில் கண்ணால் பார்க்கிற ஏற்பாடு. பாரதம் தெரியாதவர் என்று யாரும் அந்தக் கூட்டத்தில் மிச்சமிருக்க வழியில்லை.

இரவு நாடகத்தின் தொடக்கம் தமிழ்நாட்டுத் தெருக்கூத்தைப் பார்த்தவருக்குப் பழக்கமானதாகவே இருக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் நெடுநேரம் முழங்கும். இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதன் பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம், பிறகு குரல், பிறகு கிரீடத்தின் நுனி. துரியோதனன் முழுதாக வெளிப்படக் கால் மணி நேரமாவது ஆகும். அந்தக் காத்திருப்பைக் குறைத்தால் வேஷத்தின் கனமும் குறைந்துவிடும் என்பது ஆடுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் கனமில்லாத மரத்தில் செதுக்கப்பட்டவை. அவற்றைக் கட்டிக்கொண்டு கிறுகி அடிக்கும்போது விளக்கு வெளிச்சம் கூட்டத்தின் முகங்களில் சிதறிச் சுற்றும்.

பதினெட்டு நாளில் சில நாட்கள் நாடகம் பந்தலுக்குள் அடங்காமல் ஊருக்குள் இறங்கிவிடும். பகாசுர வதை அன்று பீமன் வேஷக்காரர் சோறும் பட்சணமும் ஏற்றிய வண்டியில் தெருத்தெருவாக வருவார். முன்பு மாட்டு வண்டி, இப்போது பல இடங்களில் டிராக்டர். வீட்டுக்கு வீடு வண்டியில் உணவு ஏறும். பீமன் போகிற வழியெல்லாம் தின்றுகொண்டே போவார், பிள்ளைகள் கூச்சலோடு பின்னால் ஓடுவார்கள். ஏகசக்கரபுரத்து வீடுகள் முறைவைத்து அசுரனுக்கு அனுப்பிய உணவை இன்றைய ஊர் தன் அடுப்பிலிருந்து அனுப்புகிறது. அந்த ஒரு பகலுக்குப் பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லை.

அர்ஜுன தபஸ் இதைவிடப் பெரிது. கோயிலுக்கு எதிரே உயரமான மரம் ஒன்றை நட்டு, அதில் படிபோலக் கட்டைகள் அடித்து, உச்சியில் உட்காரச் சிறு பலகை கட்டியிருப்பார்கள். பாசுபதம் வேண்டிக் கைலாயம் செல்லும் அர்ஜுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறுவார். ஏறி முடிக்க மணிக்கணக்காகும். கீழே, பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் குளித்த ஈரத்துணியோடு மரத்தைச் சுற்றித் தரையில் படுத்திருப்பார்கள். மேலேயிருந்து அர்ஜுனன் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். மேல்விழும் பழத்தை மடியில் ஏந்திக்கொண்டு எழும் பெண்ணுக்கு அந்த மரத்தில் இருப்பவர் நேற்றுவரை வயலில் தண்ணீர் பாய்ச்சிய உள்ளூர்க்காரர் என்பது தெரியும். தெரிந்தேதான் படுத்திருக்கிறாள். நடிகர் யார், தெய்வம் யார் என்ற கேள்வியை நாடகக் கோட்பாட்டுப் புத்தகங்கள் பல அத்தியாயங்களில் விவாதிக்கின்றன. இங்கே அதை யாரும் கேட்பதில்லை. அந்த வேஷத்துக்கு விரதம் உண்டு, கையில் காப்பு உண்டு. காப்பு அவிழும்வரை அவர் அர்ஜுனன்.

கடைசிக்கு முந்திய கட்டம் துரியோதன வதை. இது பகலில் நடக்கும். கோயில் திடலில் பல அடி நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். மீசை, விழித்த கண், வண்ணம் பூசிய மார்பு, தொடையில் புதைத்துவைத்த சிவப்புக் கலயம். பீமனும் துரியோதனனுமாக வேஷமிட்ட இருவரும் கதாயுதத்தோடு அந்த மண்ணுருவத்தின் மேலும் கூட்டத்துக்குள்ளும் ஓடி ஓடிச் சண்டையிடுவார்கள். கடைசியில் பீமனின் கதை தொடையில் விழும், கலயம் உடையும். துகிலுரிந்த இரவிலிருந்து விரித்த கூந்தலோடு இருக்கும் திரௌபதி அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். மாலையில் அக்னி குண்டம். காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் துணியோடு தணலில் இறங்கி நடப்பார்கள். புத்தூரிலும் ஸ்ரீகாளஹஸ்தியிலும் இந்தத் தீமிதியைக் காணக் கூடும் கூட்டம் மிகப் பெரியது.

இந்த மரபின் நடுநிலம் செஞ்சி என்று சொன்னவர் அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல். திரௌபதி வழிபாட்டைப் பற்றி அவர் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகள் 1988இலும் 1991இலும் வந்தன. தெருக்கூத்தைப் பற்றி ரிச்சர்ட் ஃபிராஸ்கா எழுதிய நூல் 1990இல் வெளியானது. செஞ்சியிலிருந்து வடக்கே ஆற்காடு வழியாக ஏறிவரும் அந்த மரபு மொழி மாறும் இடத்தில் நின்றுவிடவில்லை. மொழியை மாற்றிக்கொண்டு மேலே போனது. தமிழ்க் கிராமத்தில் பகல் வேளையில் பிரசங்கியார் விரிப்பது வில்லிபுத்தூரார் பாரதத்தை. புத்தலப்பட்டுப் பக்கத்தில் பாகவதர் எடுத்துக்கொள்வது நன்னயா, திக்கனா, எர்ரனா என்ற மூவர் எழுதிய ஆந்திர மகாபாரதத்தை. நூல் வேறு, பாட்டு வேறு. மரம் ஏறுவதும் மண்ணுருவம் செய்வதும் கூந்தல் முடிவதும் ஒன்றே.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உருவானது. அதற்கு முன் இந்த நிலத்தின் பெரும்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அங்கே போயிற்று. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் எல்லைச் சிக்கலைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைகளுக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் பழைய மாவட்டம் மறுபடி பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. இப்படிக் கோடுகள் மாறிக்கொண்டே இருந்த காலத்திலும் நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் ஒரே வீட்டில் மாமியார் தமிழும் மருமகள் தெலுங்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லையோரக் கூத்தில் கட்டியங்காரன் ஒரு பகடியைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்தால் யாரும் மொழிபெயர்ப்புக் கேட்பதில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இன்றும் நடக்கும் பாகவத மேளாவில் ஆடப்படுவது வேங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்குப் பிரகலாத நாடகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1891இல் பல்லாரியிலிருந்து சரச வினோதினி சபா சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டது; அதை நடத்தியவர் தர்மவரம் ராமகிருஷ்ணமாச்சார்யுலு. படித்த, மதிப்பான உத்தியோகத்தில் இருக்கும் ஆட்கள் மேடையேறுவதைப் பார்த்து வியந்த இளைஞர் ஒருவர் அதே ஆண்டு ஜூலையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் பம்மல் சம்பந்த முதலியார். தமிழின் நவீன மேடை நாடகத்துக்குத் தீப்பொறி ஒரு தெலுங்குக் குழுவிடமிருந்து வந்தது என்பதைத் தமிழ் நாடக வரலாறு இன்னும் உரக்கச் சொல்லலாம்.

புத்தலப்பட்டிலிருந்து தெற்கே திரும்பினால் சித்தூர். இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாட்டுச் சினிமாக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனவர் சித்தூர் வி. நாகையா. குண்டூர்ப் பக்கத்து ரேபல்லேயில் 1904இல் பிறந்தவர். பெயரோடு ஒட்டிய சித்தூர், அவர் நடித்த ராம விலாச சபா கொடுத்தது. அந்தச் சபா போட்ட 'ரங்கூன் ரவுடி' நாடகம் 1938இல் 'கிருகலட்சுமி' என்று படமானபோது நாகையாவும் சினிமாவுக்குள் நுழைந்தார். பிறகு 'அசோக் குமார்' படத்தில் தியாகராஜ பாகவதரோடும், 1945இல் 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு இணையாக மேவார் ராணாவாகவும் தமிழர்கள் அவரைப் பார்த்தார்கள். போத்தனா, வேமனா, தியாகராஜர் என்று தெலுங்கில் அவர் ஏற்ற பக்த வேடங்களின் அமைதிக்கு அடியில் நாடக மேடையில் பழகிய பாட்டுக்குரல் இருந்தது. சென்னை பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை உண்டு. சித்தூரில் அவர் பெயரில் இருப்பது ஓர் அரங்கம். ஒரு நடிகனுக்கு அரங்கத்தைவிடப் பொருத்தமான நினைவிடம் கிடையாது.

இத்தகைய அரங்குகளில் பழைய பத்திய (செய்யுள்) நாடகங்கள், போட்டிகளுக்கு வரும் ஒரு மணி நேரச் சமூக நாடகங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள் எல்லாம் நடக்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் விடாமல் பார்க்க வேண்டியது பத்திய நாடகம். நடிகர் வசனத்தின் உச்சியில் ஒரு செய்யுளை எடுப்பார். அதன் கடைசிச் சொல்லை ராகத்தில் ஏற்றி, ஆர்மோனியம் துரத்த, மூச்சு முடியும்வரை நிறுத்திப் பாடுவார். அரங்கம் 'ஒன்ஸ்மோர்' என்று கத்தும். கதை அங்கேயே நிற்கும். கண்ணன் தூது வந்த சபையில் போரா சமாதானமா என்று தெரியாத நிலையில் கண்ணனே மறுபடியும் அதே செய்யுளைப் பாடுவார். சங்கரதாஸ் சுவாமிகள் மரபின் மதுரை, புதுக்கோட்டை நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது சொந்த வீட்டுச் சத்தம். மேடைகளில் அதிகம் ஒலிக்கும் தூதுச் செய்யுள்களை எழுதிய இரட்டையருக்குத் திருப்பதி வேங்கட கவிகள் என்று பெயர். ஊர்ப் பெயர் போலத் தெரிந்தாலும் அது திவாகர்ல திருப்பதி சாஸ்திரி, செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி என்ற இரண்டு புலவர்களின் பெயர்ச் சேர்க்கை.

இன்னொரு நாடகம் அரிச்சந்திரன். பலிஜேபல்லி லட்சுமிகாந்தம் எழுதியது. ஆனால் மயான காண்டத்துக்கு வந்ததும் நடிகர்கள் பாடுவது குர்ரம் ஜாஷுவாவின் செய்யுள்களை. ஜாஷுவா 1895இல் வினுகொண்டாவில் பிறந்த தலித் கவிஞர். தீண்டாமையின் வலியை நேரில் அறிந்தவர். மன்னனும் பிச்சைக்காரனும் ஒரே மண்ணில் சேரும் இடத்தைப் பற்றி அவர் எழுதிய கவிதையை, வெட்டியானாக நிற்கும் அரிச்சந்திரன் வாயில் யாரோ வைத்தார்கள். அது அங்கேயே தங்கிவிட்டது. நாடகாசிரியர் எழுதாத செய்யுளுக்காகவே அந்த நாடகத்தைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. ஒரு மரபு தனக்குத் தேவையானதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெலுங்கு மேடையில் இல்லை.

அதே மேடையிலிருந்து ஒரு நாடகம் சட்டத்தால் இறக்கப்பட்டதும் நடந்தது. கள்ளகூரி நாராயணராவ் நூறாண்டுகளுக்கு முன் எழுதிய 'சிந்தாமணி' தாசி வீட்டு மோகத்தால் குடும்பங்கள் அழிவதைச் சொல்வது. காலப்போக்கில் சுப்பி செட்டி என்ற பாத்திரத்தை வைத்து மேடையில் கொச்சைப் பேச்சு பெருகியது. வைசிய சமூக அமைப்புகள் தங்களை இழிவுபடுத்துவதாகப் புகார் செய்தன. 2022 ஜனவரியில் ஆந்திர அரசு நாடகத்துக்கே தடை விதித்தது. புண்பட்டவர்களின் வருத்தம் உண்மையானது; ஒரு சாதியைக் காலம் முழுக்கக் கேலிப்பொருளாக்கும் வசனத்தை யாரும் காப்பாற்ற வேண்டியதில்லை. ஆனால் நடிகர்கள் சேர்த்த கொச்சைக்காக ஆசிரியரின் மூல நாடகத்தையும் சேர்த்து மூடுவது, அதை ஆடியே பிழைத்த கலைஞர்களின் வருமானத்தையும் மூடுவதாகும். ஒட்டியதை உரித்து மூலத்தை ஆடச் சொல்லியிருக்கலாம்.

திருப்பதியின் மேடைகளுக்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானமே பெரிய புரவலர். மகதி அரங்கம், அன்னமாச்சார்யா கலாமந்திரம், திருமலையில் கோயிலுக்கு எதிரே நாத நீராஜன மேடை. கச்சேரி, ஹரிகதை, நடனம், அவ்வப்போது புராண நாடகம். நாத நீராஜன நிகழ்ச்சிகள் தேவஸ்தானத்தின் தொலைக்காட்சியிலும் வருகின்றன. 1408இல் தாள்ளபாக்கத்தில் பிறந்த அன்னமய்யாவின் கீர்த்தனைகள் செப்பேடுகளில் கிடைத்தவை. இன்று அவை இந்த மேடைகளின் அன்றாட உணவு. பிரம்மோற்சவத்தின்போது மாட வீதிகளே மேடையாகும். வாகனத்துக்கு முன்னால் கோலாட்டக் குழு, மரக்கட்டை தட்டி ஆடும் செக்கபஜனைக் குழு, புலி வேஷம், கீலுக்குதிரை என்னும் பொய்க்கால் குதிரை என்று பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஆடிக்கொண்டே நகர்வார்கள். ஒழுங்கும் பக்தியும் நிறைந்த நிகழ்ச்சிகள்தாம். புதிய சமூக நாடகம் தேடி வருகிறவருக்கு மட்டும் இந்த மேடைகளில் இடம் குறைவு. அவர் நகரத்துக் குழுக்களின் அறிவிப்புகளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

சுரபி குழு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் மற்ற வேலைகளைத் தள்ளிவைக்கலாம். கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில் 1885இல் 'கீசக வதம்' போட்டுத் தொடங்கிய குடும்பம் அது. வனாரச கோவிந்தராவின் வாரிசுகள் இன்றுவரை தாத்தா, பேரன், மருமகள் என்று ஒரே மேடையில் நடிக்கிறார்கள். 'மாயாபஜார்' போட்டால் கடோத்கசனின் மாயமெல்லாம் கம்பியிலும் கப்பியிலும் கண்முன்னே நடக்கும். அம்போடு அம்பு அந்தரத்தில் மோதித் தீப்பொறி பறக்கும். நம் நவாப் ராஜமாணிக்கம் காலத்துத் தந்திரக் காட்சிகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்கள் அவற்றின் உறவை இங்கே நேரில் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட வியப்பானது, மேடையே இல்லாமல் திருப்பதி நகரம் ஒரு வாரம் ஆடும் கங்கம்மா ஜாத்திரை. மே மாதவாக்கில், தாத்தய்யகுண்டா கங்கம்மா கோயிலை நடுவாக வைத்து நடக்கும். கதை இது: ஊரை ஆண்ட பாளையக்காரன் பெண்களைக் கெடுத்துக்கொண்டிருந்தான். அவிலாலா கிராமத்துக் கைக்காலர் வீட்டில் வளர்ந்த கங்கம்மாமேல் கைவைக்க வந்தபோது அவள் தன் பேருருவைக் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்தான். ஒளிந்தவனை வெளியே இழுக்க அவள் நாளுக்கொரு வேஷம் போட்டுத் தெருத்தெருவாகத் தேடினாள். பைராகி, பண்டா, தோட்டி, கடைசியில் துரை. தன்னைவிடப் பெரிய துரை வந்திருக்கிறான் என்று நம்பி வெளியே வந்த பாளையக்காரன் தலை விழுந்தது.

அந்தத் தேடலைத்தான் ஊர் ஒவ்வோர் ஆண்டும் நடிக்கிறது. பைராகி வேஷ நாளில் உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டி. பண்டா வேஷத்துக்குக் குங்குமச் சிவப்பு. அன்று வாய் நிறைய வசவு, எதிரே வருகிறவர் யாரானாலும் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தோட்டி வேஷத்துக்குக் கரி. துரை வேஷத்துக்குச் சந்தனம். பிறகு மாதங்கி வேஷம், தலையில் வெள்ளையடித்த பானை ஏந்தும் சுண்ணாம்புக் குண்ட வேஷம். முக்கிய வேஷங்களைப் பரம்பரையாகக் கட்டுபவர்கள் கைக்கால குடும்பத்தினர். அவர்களைத் தவிர ஊரில் யார் வேண்டுமானாலும் வேஷம் போடலாம். கல்லூரி மாணவர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், கைக்குழந்தை. ஆண்கள் பலர் புடவை கட்டி, சடை வைத்து, கண்ணுக்கு மை தீட்டி, நகை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். வீட்டுப் பெண்களே அவர்களுக்குக் கொசுவம் வைத்துவிடுவார்கள். கடைசி நாள் விடியலில் கோயில் முன்னால் களிமண்ணால் கட்டிய அம்மனின் விஸ்வரூப முகத்தைக் கீறி உடைத்து, அந்த மண்ணைப் பிரசாதமாக எடுத்துக்கொள்வதோடு விழா முடியும். மலைமேல் இருப்பவர் இவளுக்கு அண்ணன் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் தேவஸ்தானத்திலிருந்து சீர் வரும்.

ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற ஆய்வாளர் இந்த வேஷங்களை வருடக்கணக்கில் கவனித்து 2013இல் ஒரு நூல் எழுதினார். உலகம் முழுவதுமே பெண்ணாகிவிடும் ஒரு வாரம் என்று அவர் இதைப் பார்த்தார். 2024 டிசம்பரில் 'புஷ்பா 2' வந்தபோது அல்லு அர்ஜுன் நீலம் பூசி, புடவை கட்டி, எலுமிச்சை மாலையோடு ஆடியதைக் கோடிப்பேர் பார்த்தார்கள். சுகுமார் எடுத்த அந்தக் காட்சிக்கு மூலம் இந்தத் தெருதான். படத்தில் ஒரு நாயகன் பெண்ணுரு எடுக்கிறான். தெருவில் ஊரே எடுக்கிறது. பெண்ணின் அலங்காரத்துக்காக ஆண் ஒருவன் அரை நாள் கண்ணாடி முன் பொறுமையாக உட்காருகிறான். பெண்ணைத் துன்புறுத்தியவனைத் தேடிக் கொன்ற கதைக்கு ஆண்கள் செலுத்தும் காணிக்கை அது. படம் பார்த்துவிட்டு ஜாத்திரைக்கு வருகிறவர்கள் அந்தக் கதையையும் கேட்டுக்கொண்டு போனால் நல்லது.

பாரத நாடகங்களின் நிலை எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. சில ஊர்களில் பதினெட்டு நாள் சுருங்கிப் பத்தாகியிருக்கிறது. விடியும்வரை ஆடியவர்கள் நள்ளிரவில் முடிக்கச் சொல்லப்படுகிறார்கள். திருவிழா இரவென்றால் ரெக்கார்டு டான்ஸ் வைக்க வேண்டும் என்று இளவட்டங்கள் கேட்கும்போது நாடகத்துக்கான பணம் அங்கே போகிறது. நடிகர்களில் பலர் விவசாயிகள். தோதாபுரி மாங்காய் கூழ் ஆலைக்குப் போகும் மாதங்களும் நாடக மாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிரைனும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் அரிதாரமும் கிரீடமும் கொடுத்தது. பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒன்றாகக் கற்பித்தது. 2020இல் அது மூடப்பட்டது. அதுபோல ஒன்று சித்தூர்ப் பக்கத்தில் இரண்டு மொழியிலும் நடக்க வேண்டும். குப்பத்தில் 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தென் மாநிலங்கள் சேர்ந்து வளர்ப்பதற்காகவே வந்த நிறுவனம் அது. தமிழ்க் கூத்தையும் தெலுங்கு வீதி நாடகத்தையும் ஒரே வகுப்பில் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

போக விரும்புகிறவருக்குச் சில குறிப்புகள். பாரதம் பொதுவாகக் கோடையில் தொடங்கி ஆடிவரை ஊர் மாற்றி ஊர் நடக்கும். ஊரும் தேதியும் ஆண்டுதோறும் மாறுவதால் சித்தூர் பேருந்து நிலையத்துக் கடைகளில் விசாரிப்பதே நல்ல வழி. தமிழில் கேட்டாலும் பதில் வரும். பதினெட்டு நாளும் தங்க முடியாதவர்கள் அர்ஜுன தபஸையும் துரியோதன வதையையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவதற்கு வெயிலில் நிற்கத் துண்டும் தண்ணீரும் தேவை. இரவு நாடகத்துக்குப் பாயும் போர்வையும் எடுத்துப்போய் ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். தபஸ் மரத்தடியில் படுத்திருக்கும் பெண்களைக் கைபேசியில் படமெடுக்கக் கூடாது. திரும்பிப் போகப் பேருந்து காலையில்தான் கிடைக்கும். அதற்குள் பந்தல் ஓரத்து டீக்கடையில் கர்ணன் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார், அடுத்த நாடகம் எந்த ஊரில் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.